அழவிடக்கூடாத பிள்ளை

கேதீச்சரத்தானை மனதில் நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது இது. எழுத்துப் பிழை இருந்தால் மலர்க்குழுப் பிள்ளைகள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன மாதம் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் நலன்புரிச் சங்கத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு ஓய்வு பெற்றவர் ஒருவரின் அனுபவம் வேண்டுமாம். "சண்டைக் காலத்துக் கதை ஒண்டு எழுதுங்கோ ராசையாண்ணை" என்றார் செயலாளர். சண்டைக் காலத்தை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். கூட வந்திருந்த பிள்ளை சிறுவர் வாட்டில் புதிதாகச் சேர்ந்தவ. தேத்தண்ணி குடிக்கும்போது வாட்டுப் புதினம் சொன்னா. இப்போது ஒவ்வொரு கட்டிலிலும் அச்சடித்த தாள் தொங்குகிறதாம். வலிப்போ மயக்கமோ வந்தால் நேரத்தைப் போட்டு, கட்டத்தில் ஒரு கீறு கீறினால் போதுமாம்.

"கடைசியில 'அதற்கு முன் நடந்தது' எண்டு ஒரு கட்டம் கிடக்கு ஐயா. அதை ஒருத்தரும் நிரப்பிறேல்லை" என்று சொல்லிச் சிரித்தா.

அவவிடம் குற்றம் இல்லை. ஆனால் நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டேன். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. முதலில் நாட்கூலி, பிறகு நிரந்தரம். கழுவப் பழகினேன், தூக்கப் பழகினேன், பேசாமல் நிற்கப் பழகினேன். பயிற்சி அவ்வளவுதான். அதன்பின் பதினொரு வருடம் என்னைப் பிரேத ட்ரொலியில் போட்டார்கள். வாட்டில் ஒருவர் இறந்தால் வெள்ளைத் துணியால் மூடி, கால்மாடு முன்னுக்கு வரும்படி வைத்து, பின்பக்க நடையால் பிரேத அறைக்குக் கொண்டுபோக வேண்டும். சக்கரம் எங்கும் இடிக்கக் கூடாது. அந்த நடையில் நாலு திருப்பம். உயிரோடு வருகிற சனமே வழி தெரியாமல் என்னைக் கேட்டுத்தான் வெளியே போகும். அந்தச் சீவன் எப்படிப் போகும் என்று எனக்கு ஒரு யோசனை. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் மெல்லச் சொல்லுவேன்: "இப்ப வலப்பக்கம் திரும்பிறம். இப்ப இடப்பக்கம். இனிப் படி ஒண்டு." கடைசியில் "வந்திட்டம்" என்று சொல்லி, சிவசிவா என்று விபூதி பூசிக்கொண்டு திரும்புவேன். ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. நானாகப் பழகியது.

பிறகு என்னைச் சிறுவர் வாட்டுக்கு மாற்றினார்கள். கையில் ட்ரொலி இல்லை, ஆனால் வாயில் பழக்கம் இருந்தது. ஊசி அறைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் "இப்ப வலப்பக்கம் திரும்பிறம்" என்றுதான் வரும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எனக்குச் சிலவேளை நாக்குக் கூசும். அழுகிற பிள்ளைக்குக் கையுறை ஒன்றை ஊதிக் கட்டி, பேனையால் கண் வைத்து, ஐந்து விரலும் சேவற்கொண்டை மாதிரி நிற்கக் கொடுப்பேன். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஊதுகிற வேலையை அதனிடமே விடுவேன். இந்தக் கையுறை வித்தையால் எனக்கு வாட்டில் நல்ல பெயர்.

அந்த வாட்டுக்குப் பொறுப்பான குழந்தை வைத்திய நிபுணர் ஒரு பெண்மணி. பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பயம். கைகளை முழங்கை வரை கழுவி, விரல் விரலாகத் துடைப்பார். எந்தச் சின்னப் பிள்ளையோடும் 'நீங்கள்' என்றுதான் கதைப்பார். தன் பேனையை நீட்டி, "இதை ஒருக்கா வைச்சிருங்கோ" என்பார். பிள்ளை எந்தக் கையை நீட்டுகிறது, எத்தனை விரலால் பிடிக்கிறது என்று அதற்குள் பார்த்து முடித்துவிடுவார். தாய்மாரிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"திடீரெண்டு விழுந்திட்டான் டொக்டர்."

"திடீரெண்டு ஒண்டும் வராது அம்மா. அதுக்கு முன்னம்?"

"முன்னம் ஒண்டுமில்லை, சும்மா நிண்டவன்."

"சும்மா எங்க நிண்டவன்? வெய்யிலிலயோ, நிழலிலயோ?"

இப்படிக் கேட்டுக் கேட்டு, அந்தத் தாய்க்கே தெரியாத ஒன்றை அவவின் வாயிலிருந்தே எடுத்துவிடுவார்.

அது கார்த்திகை முடிகிற நேரம். தர்சிகா என்று பத்து வயதுப் பெட்டையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் உயிலங்குளப் பக்கம்தான். தகப்பன் சிவபாலன் வயல் செய்கிறவர், எனக்குத் தெரிந்தவர். மார்கழிப் பூசை தொடங்கினால் எங்கள் பக்கம் விடியப்புறம் பிள்ளைகள் சேமக்கலம் என்ற வெண்கலத் தட்டை அடித்து, சங்கு ஊதி, பாடிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். சங்கு ஊதுவது எல்லோருக்கும் வராது. வளர்ந்த பெடியள் ஊதினாலும் வெறுங்காற்றுத்தான் வரும். இவள் ஊதினால் குளக்கட்டில் நிற்கிறவனுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட சுவாசம்.

சிவபாலன் என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ராசையாண்ணை, டொக்டரிட்ட சொல்ல வெக்கமாக் கிடக்கு. கோயில் சங்கு வெடிச்சுப் போச்செண்டு பெடியள் வேற ஒண்டு கொண்டந்தவங்கள். அது சாவீட்டில ஊதிற சங்காம். ஒருத்தனும் எங்களுக்குச் சொல்லேல்லை. முத்தத்தில நிண்டு ஊதிப் பழகினவள், சங்கு கையால விழுந்திட்டுது. எடு பிள்ளை எண்டால் எடுக்கிறாளில்லை. கையையே பாத்துக்கொண்டு நிக்கிறாள். பத்து நிமிசத்தில எல்லாம் சரி, ஓடித் திரியிறாள்."

எங்கள் ஊரில் சாவீட்டிலும் சங்கும் சேமக்கலமும் உண்டு. ஆனால் அந்தச் சங்கு வேறு, கோயில் சங்கு வேறு. ஒன்றை மற்ற இடத்தில் வைக்க மாட்டார்கள்.  'ஆளை எடுக்கலாம்' என்று சாவீட்டில் ஊதுகிற சங்கை இவள் ஊதியிருக்கிறாள். எடுக்க வருகிறவன் யார்? பதினொரு வருடமாக அந்த வேலை செய்தவன் நான்தானே. அவளைக் கொண்டுவந்து என் கையிலேயே தந்திருக்கிறார்கள்.

இதை நான் சிவபாலனுக்குச் சொல்லவில்லை. "சங்கை மாத்துங்கோ. புதுசா ஒண்டு வாங்கி அபிஷேகம் செய்து குடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். இந்த ஆலோசனை என்னுடையது என்பதை வாசிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் நாள் மத்தியானம். தாய் குளிக்கப் போயிருந்தா. நான்தான் சூப்புக் கோப்பையைக் கொடுத்தேன். "சுடும், ஊதி ஊதிக் குடி" என்றேன். சங்கு ஊதுகிறவள் இல்லையா, விளையாட்டாகக் கன்னத்தை உப்பி ஊதினாள், ஊதினாள், சூப்பில் அலை அடிக்கும் வரை ஊதினாள். கரண்டி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்கிறேன். இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பயமே இல்லாத முகம்.

"ஆரின்ர கை மாமா இது?"

 அந்தக் கையை எடுத்து என் பக்கம் வைத்தாள், யாரோ மறந்துவிட்டுப் போன சாமானைத் திருப்பித் தருவதுபோல. நான் தாதியைக் கூப்பிட ஓடினேன். நாங்கள் வரும்போது அவள் அதே வலது கையால் கரண்டியைப் பிடித்துச் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ராசையாண்ணை, வெய்யிலுக்குள்ளால நடந்து வந்தனீங்களோ?" என்று தாதி சிரித்தா. "பிள்ளை நித்திரைத் தூக்கத்தில கதைச்சிருக்கும்."

அதற்கு இரண்டு நாள் கழித்து இரத்தம் எடுத்தார்கள். ஊசி அறைக்குள் தாய்மாரை விடுவதில்லை. நான்தான் பிடித்தேன். அப்படி ஒரு அழுகை, மூச்சை இழுத்து இழுத்து. முடிந்ததும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அழுகை நின்றுவிட்டது. வாடைக்காற்று அந்த நடையின் யன்னல்களுக்குள்ளால் ஊதிக்கொண்டிருந்தது. வழக்கம்போல, "இப்ப வலப்பக்கம் திரும்பிறம்" என்றேன்.

என் காதுக்குள் மெல்லச் சொன்னாள்: "மாமா, எனக்கு வலப்பக்கம் இல்லை."

அவளுடைய வலது கை என் முதுகில் தொங்கியது. உயிருள்ள பிள்ளையின் கை தூக்கத்திலும் ஒரு பிடி பிடித்திருக்கும். இதில் அந்தப் பிடி இல்லை. எப்படித் தொங்கியது என்று எனக்குத் தெரியும். பதினொரு வருடம் அந்தப் பாரத்தைத் தூக்கியவன் நான். கட்டிலில் கிடத்தினேன். "ஊசி குத்தின கை, விறைச்சுப் போச்சாக்கும்" என்று தாய் தேய்த்துவிட்டா. கொஞ்ச நேரத்தில் கை வந்துவிட்டது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை, அதற்கு இரண்டு நாள் கழித்து, ஊசி போட்ட வருத்தம் தீரட்டும் என்று நானே கையுறை ஒன்றைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் ஊதிப் பெருப்பித்தாள். கட்டச் சொல்லி நீட்டியவள் நீட்டியபடி நின்றாள். முகத்தில் பாதி சிரித்தது. மற்றப் பாதி சிரிக்கவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தாள், "கோ... கோ..." என்று மட்டும் வந்தது. கையுறை காற்று இறங்கித் தரையில் சுழன்றது. சட்டைப் பையிலிருந்த விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசி, சிவசிவா என்று சொல்லிக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிடத்தில் மற்றப் பாதியும் சிரித்தது. "ஏன் மாமா அழுறியள்?" என்று கேட்டாள்.

இனி எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மூன்று தரமும் நான் அருகில் நின்றேன். வேறு ஒருவரும் முழுதாகக் காணவில்லை. என்னோடு ஏதோ ஒன்று வாட்டுக்குள் வருகிறது. நான் விலகினால் அதுவும் விலகும். மேற்பார்வையாளரிடம் போய், முழங்கால் நோ என்று பொய் சொல்லி, வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கினேன்.

நான் போன பிறகு நாலு நாளும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை! தலையை ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றும் தெரியவில்லை. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்ப ஆயத்தம். அன்று சாப்பாட்டுப் பெட்டியை எடுக்க வாட்டுக்குப் போனவன், டொக்டர் பார்வையிட்டுக்கொண்டு நின்றதால் வாசலில் ஒதுங்கினேன். அவர் தர்சிகாவின் கட்டிலருகே நின்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார்:

"வாட்டில இருக்கேக்க ஆரும் ஏதும் கண்டனீங்களோ? சின்ன விஷயமெண்டாலும் சொல்லுங்கோ."

அவர் கண் என் மேலும் வந்து போனது. நான் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தேன்.

சொன்னால் சிரிப்பார்கள் என்ற வெட்கம் ஒன்று. சொன்னால் அது சாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயம் இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தர்சிகா வீட்டுக்குப் போனாள். சிவபாலன் நான் சொன்னபடியே கடற்கரைப் பக்கம் போய்ப் புதுச் சங்கு வாங்கி, அபிஷேகம் செய்து மகளின் கையில் கொடுத்தார். பூசை தொடங்கியது. முதல் மூன்று நாளும் அவள்தான் ஊதினாள். நாலாம் நாள் விடிந்துவரும் நேரம், பிள்ளையார் கோயிலடியில் நீளமாக ஒரு தரம் ஊதிவிட்டு விழுந்தாள். இந்த முறை பத்து நிமிடத்தில் சரிவரவில்லை.

காலை எட்டு மணிக்கு ஒரு வான் வெளிநோயாளர் வாசலில் வந்து நின்றது. ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போனவன் நான். கதவைத் திறந்தால் சிவபாலனின் மடியில் தர்சிகா. வலது கை, வலது கால் இரண்டிலும் அசைவு இல்லை. பேச்சு இல்லை. கண் மட்டும் என்னைக் கண்டுபிடித்தது. எங்கே நான் ஓடி ஒளிந்தேனோ அந்த வாசலுக்கே வந்திருக்கிறாள்.

ட்ரொலியில் கிடத்தித் தள்ளும்போது என் வாயில் ஒரு திருப்பமும் வரவில்லை.

அன்று பத்து மணிக்கு டொக்டரின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பிரேத ட்ரொலி, சாவுச் சங்கு, மூன்று தடவை, விபூதி, முழங்கால் நோப் பொய். "சாவை நான்தான் கொண்டு வந்தனான் டொக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

"நீங்கள் கொண்டுபோன ஆக்கள் எல்லாரும் ஏற்கெனவே செத்த ஆக்கள், ராசையா. நீங்கள் ஒருத்தரையும் கொண்டு வரேல்லை" என்றார். மேசை லாச்சியைத் திறந்து அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். "இருங்கோ. ஒவ்வொரு தரமும் கை விழமுன்னம் நடந்ததை எழுதுங்கோ. நீங்கள் எங்க நிண்டனீங்கள் எண்டதை விடுங்கோ. பிள்ளை என்ன செய்துகொண்டு நிண்டவ?"

அந்த அறையில் நான் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான். முக்கால் மணித்தியாலம் எழுதினேன். கோணல் எழுத்து. அவர் பேனையை எடுத்து நாலு சொல்லின் கீழ் மட்டும் கோடு போட்டார். சங்கு ஊதினாள். சூப்பு ஊதினாள். விம்மி அழுதாள். கையுறை ஊதினாள். பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முற்றத்துச் சங்கைத் தவிர மற்ற மூன்றையும் அவளுக்குக் கொடுத்தது நான். நான் நின்றால் வந்தது உண்மைதான். ஆனால் என் பின்னால் ஒன்றும் வரவில்லை. என் கையிலிருந்த கோப்பையும் கையுறையும்தான் வந்திருக்கின்றன.

"வேகமா மூச்சு விட்டால் மூளைக்குப் போற இரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கும்" என்றார் டொக்டர். "உங்களுக்கும் சுருங்கும், எனக்கும் சுருங்கும். ஒண்டும் தெரியாது. இவவுக்கு அந்தக் குழாய்கள் ஏற்கெனவே ஒடுங்கிப்போய் இருக்க வேணும். சேலைன் குழாயில சில்லை உருட்டிறனீங்கள்தானே? முக்கால்வாசி உருட்டின குழாயை இன்னும் ஒருக்கா உருட்டினால் சொட்டு நிண்டுபோகும். அதுதான்."

சின்னப் பிள்ளைகளுக்குக் கை கால் விழுகிற பாரிசவாதம் வரவைக்கிற அபூர்வமான வியாதி ஒன்று இருக்கிறதாம். 'மொயாமொயா' என்று யப்பான்காரர் வைத்த பெயராம். தான் புத்தகத்தில் படித்திருப்பதாகவும், ஒரு பிள்ளையிலும் கண்டதில்லை என்றும் சொன்னார்.

நான் எழும்பும்போது கொப்பியைத் திரும்ப நீட்டினார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு. அதையும் எழுதுங்கோ. 'கடைசி ரெண்டு தரமும் கண்டும் பதின்மூண்டு நாள் சொல்லேல்லை.'"

எழுதினேன். அவர் எனக்குத் தந்த தண்டனை அது ஒன்றுதான்.

கொழும்பில் இடம் கிடைக்கப் பதினாறு நாள் எடுத்தது. என்னை வாட்டுக்குத் திருப்பி எடுப்பித்த டொக்டர், எல்லோரையும் கூட்டி ஒரு கட்டளை போட்டார்: இந்தப் பிள்ளை அழக்கூடாது. ஊதக்கூடாது, ஓடக்கூடாது, தாகத்தோடு இருக்கக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம், அழக்கூடாது. ஒரு அழுகை மிச்சத்தையும் கொண்டுபோகலாம்.

வாசிக்கிறவர்கள் ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். சிறுவர் வாட்டு. நாள் முழுக்க அழுகைச் சத்தம் கேட்கிற இடம். அதன் நடுவில் அழவிடக்கூடாத ஒரு பிள்ளை. கட்டிலை மூலைக்கு மாற்றினோம். ஊசி போட ஒரு மணித்தியாலம் முன்பே தோலை மரக்கப்பண்ணுகிற களிம்பைத் தடவி, இருக்கிறதில் கைராசியான தாதியை மட்டும் விட்டோம். சேலைன் ஒரு சொட்டும் நிற்காமல் நான் காவல். சாப்பாட்டை ஆற்றி, என் புறங்கையில் தொட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். சிவபாலன் வாசலில் நின்று முகத்தைத் துடைத்து, ஒரு சிரிப்பைப் பூட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். பக்கத்துக் கட்டில் தாய்மார் கிசுகிசுத்தார்கள். ஒருவ தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு கட்டில் கேட்டுப் போனா. அவ்வளவு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, நடுவில் அந்தப் பிள்ளை பேசாமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

ஒரு கிழமையில் கால் கொஞ்சம் அசைந்தது. பேச்சும் ஒவ்வொரு சொல்லாக வந்தது. பேச்சு வந்ததும் ஆள் விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

"மாமா. ஐஸ்பழம்."

"டொக்டர் ஏசுவா பிள்ளை."

"அப்ப... அழுவன்."

வாட்டே நடுங்கும். ஒருநாள் இந்தப் பேரம் டொக்டருக்கு முன்னாலேயே நடந்தது.

"எத்தினை வேணும் உங்களுக்கு?" என்று டொக்டர் கேட்டார்.

"ரெண்டு."

"ஒண்டு."

"அழுவன்."

"சரி. ஒண்டரை" என்றார் டொக்டர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். மிச்ச அரையை யார் சாப்பிட்டது என்று எழுத மாட்டேன்.

ஒருநாள் மட்டும் தப்பித்தோம் பிழைத்தோம் என்றாகிவிட்டது. வீட்டிலிருந்த கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாய் போக வேண்டியிருந்தது. வாசலைத் தாண்டிப் போகிற தாயைப் பார்த்த தர்சிகாவுக்கு உதடு பிதுங்கியது. மூச்சு இழுக்கத் தொடங்கியது. நான் சேலைன் கம்பியை ஒரு கையில் பிடித்தபடி அவளைத் தூக்கித் தோளில் போட்டு நடந்தேன். வேறு ஒன்றும் தெரியாததால் வாயில் பழையதுதான் வந்தது. "இப்ப இடப்பக்கம் திரும்பிறம். இப்ப நேர போறம்." மூன்று சுற்று. விம்மல் குறைந்தது. நாலாம் சுற்றில் யன்னலடிக்கு வந்தபோது நான் வாய் திறக்கமுன் அவள் சொன்னாள்: "இப்ப... வலப்பக்கம்." அன்றைக்கு நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் அழலாம்தானே.

கொழும்பில் தொடையால் குழாய் விட்டுத் தலைக்குள் படம் எடுத்தார்கள். டொக்டர் பிறகு அதை எனக்குக் கணினியில் காட்டினார். பெரிய இரண்டு இரத்தக்குழாய்களும் மேலே போகப்போக நூலாகி இல்லாமல் போகின்றன. அந்த இடத்தில் சின்னச் சின்ன இழைகளாய், சாம்பிராணிப் புகை எழும்பி நிற்கிறதுபோல ஒன்று. வழி அடைபட்ட இரத்தம் தானாகத் தேடிக்கொண்ட வழிகளாம் அவை. பிள்ளையின் தலைக்குள் அந்தப் புகை எத்தனை வருடமாக இருந்ததோ தெரியாது. பேய் என்று நான் பயந்தது ஒருநாளும் இவ்வளவு பயங்கரமாக இருந்ததில்லை. காதடியால் தலைத்தோலுக்குப் போகிற இரத்தக்குழாயை எடுத்து மூளையில் பொருத்தினார்கள். முதலில் இடப்பக்கம், சில மாதம் கழித்து மற்றப் பக்கம்.

இடையில் நான் சிவபாலனிடம் போனேன். கொப்பியில் எழுதின கடைசி வரியையும், சங்கை மாற்றச் சொன்ன என் புத்தியையும், டொக்டர் கேட்டபோது சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்ததையும் சொன்னேன். வாய்க்கால் வரம்பில் நின்றவர் மண்வெட்டியைத் தோளில் வைத்தார். திரும்பி வயலுக்குள் இறங்கிப் போனார். அதன் பிறகு பஸ்ஸில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோயிலில் நான் நிற்கிற பக்கம் வர மாட்டார். அது நியாயம்.

இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்து அரை வருடம் இருக்கும். கிளினிக் நாள். தர்சிகா நடந்து வந்தாள், கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான். பேச்சு முழுதாக வந்திருந்தது. வலது கையில் ஒரு மந்தம் மட்டும் இருந்தது. கொழும்பில் எல்லாம் சரி என்று சொன்னாலும், எங்கள் ஒருவருக்கும் அவளை அழவிட்டுப் பார்க்கிற தைரியம் வரவில்லை. வீட்டிலும் அப்படித்தானாம். அந்த ஒரு வருடமாக அவளை யாரும் ஏசியதில்லை, அடித்ததில்லை, ஒன்றும் மறுத்ததில்லை. பிள்ளையும் அழாமல் இருக்கப் பழகிவிட்டது.

அன்று ஊசி அறையில் நின்றது புதிதாக மாற்றலாகி வந்த தாதி. அவவுக்குக் கதை தெரியாது. களிம்பு பூசவில்லை. முதல் குத்தில் நரம்பு தப்பியது, இரண்டாவதும் தப்பியது.

தர்சிகா அழுதாள்.

வாயைத் திறந்து, மூச்சை இழுத்து, ஒரு வருடத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். நடையில் கோப்புகளோடு போனவர்கள் நின்றார்கள். பழைய தாதி ஒருவ பாய்ந்து உள்ளே போகப் பார்த்தா. டொக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து கையை நீட்டி மறித்தார்.

"விடுங்கோ. அழட்டும்" என்றார். தன் கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு நிமிடம். இரண்டு. அவள் நிறுத்துகிற எண்ணமே இல்லை. நான் ஊசி அறை வாசலில் நின்றேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றது தெரிந்தது. சிவபாலன். இத்தனை மாதத்தில் என் பக்கத்தில் அவர் நின்றது அதுதான் முதல் தரம். அவருடைய கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க நிறைந்தது.

"ராசையாண்ணை" என்றார். "எனக்கு ஒண்டும் தெரியுதில்லை. கை அசையுதோ? உள்ளதைச் சொல்லுங்கோ."

நான் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன்.

"பஞ்சைப் பிடிச்சிருக்கிறாள். வலது கைதான். இப்ப அதை அந்தப் புது நேர்ஸ் மிஸிக்கு எறிஞ்சிட்டாள். திரும்பக் கதிரைச் சட்டத்தைப் பிடிக்கிறாள். சின்னவிரல் வரேல்லை, அது விலகி நிக்குது. மற்ற நாலும் பிடிச்சிருக்கு. இன்னும் பிடிச்சிருக்கு."